ஸ்டீவ் நாஷ்: பந்து கையை விட்டுப் போன பிறகு

டர்பனில் பள்ளி அணிக்குக் கூடைப்பந்து ஆடும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "ஸ்டீவ் நாஷ் நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்கிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் இரண்டு முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஆனால் புரூக்ளின் அணிக்குப் பயிற்சியாளராக வந்து இரண்டு ஆண்டு கொஞ்சம் தாண்டியதுமே வெளியேறிவிட்டார். நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆக மாட்டார் என்று எங்கள் மாமா அடித்துச் சொல்கிறார். நானும் பின்னாளில் பயிற்சியாளர் ஆக ஆசைப்படுகிறேன். மாமா சொல்வது உண்மையா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. மாமா சொல்வதை நான் ஏற்கவில்லை. நாஷ் நடத்திய காலத்தில் புரூக்ளின் நெட்ஸ் வழக்கமான பருவ ஆட்டங்களில் 94 வென்றது, 67 தோற்றது. நூற்றுக்கு 58 வெற்றி. இதைப் படுதோல்வி என்று எழுதுகிறவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை, செய்தித் தலைப்பைப் பார்க்கிறார்கள். அதற்காக அவரை வானளாவப் புகழவும் நான் வரவில்லை. ஆட்டக்காரராக அவருக்கு வாய்த்த வரம் என்ன, பயிற்சியாளர் இருக்கையில் அந்த வரம் ஏன் பாதிதான் உதவியது, அந்த இருக்கை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்வியைத் தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நாம் தவிர்க்கவே கூடாது.

நாஷ் 1974 பிப்ரவரி 7 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை ஜான் இங்கிலாந்துக்காரர், கால்பந்து ஆடிப் பிழைத்தவர். தாய் ஜீன் வேல்ஸைச் சேர்ந்தவர். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. முதலில் ரெஜைனா, பிறகு மேற்குக் கரையில் விக்டோரியா. நிறவெறி ஆட்சியில் பிள்ளைகளை வளர்க்க விரும்பாமல்தான் அவர்கள் கிளம்பினார்கள். கணக்குப் பார்த்தால் அது 1975. சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கியதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு.

அந்த 1975ஆம் ஆண்டு வரை நம்மவர்கள் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் தங்கை மகள் கல்யாணம் என்றாலும் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்க 1986 வரை இந்தியருக்கு அனுமதியே இல்லை. ஜான், ஜீன் இருவரும் எடுத்தது மரியாதைக்குரிய முடிவு. வெள்ளையர் பலர் எடுக்காத முடிவு. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பிடிக்காத ஆட்சியை விட்டு வெளியேற அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்தெடுத்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போடப்பட்ட நம் பாட்டிமாருக்கு எந்த ஊருக்குப் போவது என்று கேட்கவே ஆளில்லை.

விளையாட்டிலும் அப்படித்தான். பாப்வா சேவ்கோலம் என்ற நம் டர்பன் கோல்ஃப் வீரரை உங்கள் தாத்தாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஹாலந்து ஓப்பன் பட்டத்தை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்றவர். 1963இல் நேட்டால் ஓப்பனில் வென்றபோது, வெள்ளையர் மன்றக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்பதால் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். கால்பந்து ஆடிய நம் பிள்ளைகளுக்கு டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானம்தான் கோயில். நம்மவர்கள் உலக மேடைக்குப் போகாததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

(இன்னொருவர் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் சுவிட்சர்லாந்துக்காரர் தாபோ செஃபலோஷா. அவருடைய தந்தை தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர், இசைக் கலைஞர். தாய் வெள்ளையர், சுவிட்சர்லாந்து நாட்டவர். 1985 வரை இந்த நாட்டுச் சட்டப்படி அவர்கள் இருவரும் மணந்துகொள்ளவே முடியாது. இந்த மண்ணிலிருந்து இரண்டு குடும்பங்களை நிறவெறி வெளியே அனுப்பியது, இரண்டிலிருந்தும் என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.)

விக்டோரியாவில் வளர்ந்த நாஷ் சிறுவயதில் ஆடியது கால்பந்தும் பனித்தரை ஹாக்கியும். அவருடைய தம்பி மார்ட்டின் கால்பந்திலேயே நின்று கனடா தேசிய அணிக்கு ஆடினார். நாஷ் கூடைப்பந்தைக் கையில் எடுத்தபோது வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். தாமதம்தான். ஆனால் கால்பந்து அவருக்கு ஒன்றைக் கொடுத்திருந்தது: பந்து வருவதற்கு முன்பே மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார், அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்று பார்க்கும் பழக்கம். நம் பிள்ளைகளில் பலரும் கால்பந்திலிருந்துதான் கூடைப்பந்துக்கு வருகிறார்கள். அதை ஒரு குறையாக எண்ணும் பெற்றோரிடம் நாஷைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

பள்ளியின் கடைசிப் பருவத்தில் அவருடைய சராசரி 21.3 புள்ளி, 11.2 அசிஸ்ட் (தோழன் கூடையில் போட உதவிய பாஸ்), 9.1 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது). மாநிலப் பட்டமும் வந்தது. பள்ளிப் பயிற்சியாளர் அமெரிக்காவின் முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். உதவித்தொகையோடு இடம் கொடுத்தது ஒன்றே ஒன்று, கலிஃபோர்னியாவில் உள்ள சான்டா கிளாரா. அப்போது அவர் கனடாவிலிருந்து வந்த, ஒல்லியான, உயரம் குறைந்த, வேகம் அதிகமில்லாத ஒரு பையன். கூடைப்பந்து ஆடும் ஊர் என்று யாரும் நினைக்காத ஊரிலிருந்து வந்தவர். டர்பனிலிருந்து ஒரு பையன் கடிதம் போட்டால் என்ன நடக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் அவருக்கும் நடந்தது.

சான்டா கிளாராவில் வகுப்புக்கு நடந்து போகும்போதுகூட டென்னிஸ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவார் என்பது பிரபலமான செய்தி. கண் நிமிர்ந்து வழியைப் பார்க்கும், கை தானாகப் பந்தைப் பார்த்துக்கொள்ளும். 1993இல் தேசியப் போட்டியில், தங்கள் பிரிவில் 15ஆம் தரவரிசையில் இருந்த சான்டா கிளாரா, 2ஆம் தரவரிசையில் இருந்த அரிசோனாவை 64-61 என்று வீழ்த்தியது. ஆட்டம் முடியும் தறுவாயில் அடுத்தடுத்து ஆறு ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்) உள்ளே போட்டவர் முதலாண்டு மாணவர் நாஷ்.

1996 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரை 15ஆம் ஆளாக எடுத்தது. ஆலன் ஐவர்சன் முதலாவதாகவும் கோபி பிரையன்ட் 13ஆவதாகவும் போன அதே டிராஃப்ட். நாஷின் பெயரை அறிவித்ததும் ஃபீனிக்ஸ் ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அந்த அணியில் ஏற்கெனவே கெவின் ஜான்சன் இருந்தார், சில மாதங்களில் ஜேசன் கிட்டும் வந்து சேர்ந்தார். பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவரை 1998இல் டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் முதல் பருவத்தில் உடல் ஒத்துழைக்காமல் பந்து உள்ளே போகாததால், சொந்த ஊர் ரசிகர்களே அவரை எதிர்த்துக் கத்தினார்கள். பிற்காலத்தில் அவர் வாங்கிய விருதுகளை மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவரின் மனம் எப்படி இருக்கும் என்று தெரிந்த பெரிய ஆட்டக்காரர்கள் குறைவு. நாஷ் அதை அனுபவித்தவர். பயிற்சியாளருக்கு அது உதவுகிற அறிவு.

டல்லாஸில் அவரோடு சேர்ந்தே வந்தவர் ஜெர்மனியின் டிர்க் நோவிட்ஸ்கி. இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள், அணியும் எழுந்தது. 2001இல் டல்லாஸ் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃபுக்குள், அதாவது பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுக்குள், நுழைந்தது. 2004இல் ஒப்பந்தம் முடிந்தபோது நாஷுக்கு முப்பது வயது, முதுகில் தீராத கோளாறு. எலும்பு ஒன்று மற்றொன்றின் மேல் நழுவும் நோய் அது. ஆட்டத்தின் நடுவே மாற்று ஆள் இறங்கும்போது அவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் நீட்டிப் படுத்திருப்பதைப் பல ஒளிப்பதிவுகளில் பார்க்கலாம். நீண்ட ஒப்பந்தம் கொடுக்க டல்லாஸ் தயங்கியது. ஃபீனிக்ஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் இதயம். முந்தைய பருவத்தில் 29 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த ஃபீனிக்ஸ், நாஷ் வந்த 2004-05 பருவத்தில் 62 ஆட்டம் வென்றது. பயிற்சியாளர் மைக் டி'அன்டோனியின் கட்டளை எளிது: பந்து கைக்கு வந்ததும் ஓடு, ஏழு வினாடிக்குள் எறி, எதிரணி ஒழுங்காக நிற்கும்வரை காத்திருக்காதே. அந்தக் காலத்து என்.பி.ஏ. மெதுவான ஆட்டம், நெடிய ஆட்கள் கூடைக்கு அருகே மோதிக்கொள்ளும் ஆட்டம். அதன் நடுவே இவர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக 110 புள்ளி எடுத்தார்கள். இன்று எல்லா அணிகளும் ஆடும் வேகத்துக்கும், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகளின் பெருக்கத்துக்கும் அந்த அணியே வழிகாட்டி என்பது என் உறுதியான கருத்து.

நாஷ் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீங்களும் அவரைப் போல் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர், என்பதால். பிக் அண்ட் ரோல் உங்களுக்குத் தெரியும். நெடிய தோழன் ஒருவன் உங்களைத் துரத்துகிறவனின் வழியில் சுவராக நிற்பான். நீங்கள் அவனை உரசிக்கொண்டு போனதும் அவன் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவான். பெரும்பாலான பாயிண்ட் கார்டுகள் அங்கே இரண்டே வழி பார்க்கிறார்கள்: தானே எறிவது, ஓடுகிறவனுக்குக் கொடுப்பது. வழி அடைபட்டால் பந்தைக் கையில் பிடித்து நின்றுவிடுகிறார்கள். நாஷ் நிற்க மாட்டார். பந்தைத் தட்டிக்கொண்டே கூடைக்கு அடியில் புகுந்து, எல்லைக்கோட்டை ஒட்டி மறுபக்கம் வெளியே வந்துவிடுவார். அந்த மூன்று நான்கு வினாடியில் எதிரணியின் ஐந்து பேரும் அவரைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். யாரோ ஒருவன் தன் ஆளை மறந்திருப்பான். அந்த ஆளுக்குப் பந்து போய்ச் சேரும். பந்தை இரு கையாலும் பிடித்துக் கொடுக்க நேரமில்லை என்பதால் ஓடுகிற கையாலேயே, ஒற்றைக் கையால், தட்டலிலிருந்து நேராக அனுப்புவார். டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்த நாள்களின் பலன் அது.

தானே எறிந்தாலும் குறி தப்பாது. மொத்த எறிதலில் 50 விழுக்காடு, மூன்று புள்ளியில் 40, ஃப்ரீ த்ரோவில் 90 என்ற மூன்றையும் ஒரே பருவத்தில் எட்டுவது மிக அரிது. நாஷ் நான்கு பருவங்களில் எட்டினார். வாழ்நாள் ஃப்ரீ த்ரோ 90 விழுக்காட்டுக்கு மேல், மூன்று புள்ளி வீச்சு 42.8 விழுக்காடு. இப்படி எறியக்கூடிய ஒருவர், எறியாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபோது 10,335 அசிஸ்ட், அன்றைய நிலவரப்படி வரலாற்றில் மூன்றாமிடம்.

2005, 2006 இரண்டு ஆண்டும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அதைப் பெற்ற முதல் கனடாக்காரர். முதல் முறை இரண்டாமிடத்தில் வந்தவர் ஷாகில் ஓ'நீல். வாக்களித்தவர்களிடம் நிறமும் வேலை செய்ததா என்ற கேள்வி அப்போதே அமெரிக்காவில் எழுந்தது. அந்தக் கேள்வி கேட்கத் தகுந்ததுதான். இந்த நாட்டில் வளர்ந்த நாம் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது. என் பதில், ஆட்டத்தின்படி விருது அவருக்கு உரியது. அதற்குச் சான்று இரண்டாவது ஆண்டு. அணித் தோழர் ஜோ ஜான்சன் வேறு அணிக்குப் போய்விட்டார். அமாரே ஸ்டூடமையர் முழங்கால் அறுவை சிகிச்சையால் மூன்று ஆட்டம் மட்டுமே ஆடினார். ஆனாலும் ஃபீனிக்ஸ் 54 ஆட்டம் வென்றது. கையில் கிடைத்தவர்களை வைத்து அணியை நடத்திக் காட்டினார்.

ஆனால் இறுதிப் போட்டி அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை. ஃபீனிக்ஸ் 2005இல் சான் அன்டோனியோவிடமும், 2006இல் நோவிட்ஸ்கியின் டல்லாஸிடமும், 2010இல் லேக்கர்ஸிடமும் மேற்கு மண்டல இறுதியில் தோற்றது. 2007 இன்னும் கொடுமை. சான் அன்டோனியோவுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தின் முடிவில் ராபர்ட் ஹோரி நாஷை இடித்துத் தள்ளினார். அதைப் பார்த்துப் பெஞ்சிலிருந்து சில அடி எழுந்து வந்த குற்றத்துக்காக ஸ்டூடமையர், போரிஸ் டியாவ் இருவருக்கும் அடுத்த ஆட்டத்தில் தடை. விதி எழுத்துப்படி சரி, நியாயப்படி தவறு என்று இன்றும் நினைக்கிறேன். அந்த ஆட்டங்கள் நமக்கு அதிகாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் வரும். விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஹோரியின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே சான் அன்டோனியோவை ஃபீனிக்ஸ் நான்குக்குப் பூஜ்யம் என்று துடைத்தெறிந்தது. கடைசி ஆட்டத்தில் வலது கண் வீங்கி முழுவதும் மூடிக்கொள்ள, ஒற்றைக் கண்ணோடு ஆடி முடித்தார் நாஷ்.

2012இல் லேக்கர்ஸ் போனார். இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தது; அதிலிருந்து நரம்பும் முதுகும் அவரை விடவில்லை. 2015 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.

பயிற்சியாளர் கதைக்கு வருமுன் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கனடா அணிக்குத் தலைமை தாங்கி, யாரும் எதிர்பார்க்காதபடி யூகோஸ்லாவியாவை வென்று பிரிவில் முதலிடம் பிடித்தார். காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்றபோது அழுதார். 2003இல் இராக் போருக்கு முன், ஆல் ஸ்டார் வாரத்தில் போர் வேண்டாம் என்று எழுதிய சட்டையோடு வந்தார். அப்படிச் செய்ய அன்று அமெரிக்காவில் துணிச்சல் வேண்டும். 2010இல் அரிசோனா மாநிலம் குடியேறிகளுக்கு எதிராகச் சட்டம் போட்டபோது, ஃபீனிக்ஸ் அணி ஸ்பானிய மொழியில் பெயர் எழுதிய சட்டை அணிந்து ஆடியது. அதை வெளிப்படையாக ஆதரித்துப் பேசியவர் நாஷ். ஒரு நாட்டின் அநியாயத்தைப் பார்த்து வீட்டை மாற்றிய பெற்றோரின் பிள்ளை அவர். அது அவரிடம் தங்கியிருந்தது.

ஓய்வுக்கு முன்பே, 2012இல், கனடா ஆண்கள் தேசிய அணியின் பொது மேலாளர் ஆனார். 2019 வரை அதில் இருந்தார். 2015இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரை ஆட்டக்காரர்களின் திறன் வளர்க்கும் ஆலோசகராகப் பகுதி நேரத்துக்கு அமர்த்தியது. பிறகு புரூக்ளினுக்குப் போன நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் டுராண்ட் அங்கேதான் அவரோடு நெருக்கமானார். 2018இல் கூடைப்பந்தின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். 2020 செப்டம்பரில், எந்த அணிக்கும், எந்த மட்டத்திலும் பயிற்சியாளராக இருந்ததில்லை என்ற நிலையில், பட்டம் வெல்ல வேண்டிய புரூக்ளின் நெட்ஸின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். அணியின் பொது மேலாளர் ஷான் மார்க்ஸ், ஃபீனிக்ஸில் அவரோடு ஆடியவர்.

அந்தப் பொறுப்பை அதுவரை தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜாக் வான், கறுப்பினத்தவர். பெரிய ஆட்டக்காரர்கள் இல்லாத அணியை வைத்து வழக்கமான பருவத்தில் பத்தில் ஏழு ஆட்டம் வென்றவர். முன்பே ஓர்லாண்டோவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அவரை நாஷின் உதவியாளராக வைத்துக்கொண்டார்கள். இது வெள்ளையருக்குக் கிடைக்கும் சலுகை என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே பேசினார்கள்.

நாஷ் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. வெள்ளையராகப் பிறந்ததால் தன் வாழ்வில் சலுகை கிடைத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். இந்த வேலை அதற்குச் சரியான எடுத்துக்காட்டா என்பதில் தனக்கு ஐயம் உண்டு என்றும், ஆனாலும் சமுதாயம் சரிசெய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்றும் சொன்னார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஒரு வெள்ளையர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் முப்பது ஆண்டு கழித்தும் அதைச் சொல்ல மறுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அதே நேரத்தில் ஒப்புக்கொள்வது ஒன்று, இருக்கை வேறு. ஜாக் வான் வரிசையில் பல ஆண்டு நின்றவர். நாஷுக்கு வரிசையே இல்லை.

இனி ஆட்டத்தைப் பார்ப்போம். முதல் பருவம், 2020-21: 48 வெற்றி, 24 தோல்வி, கிழக்கில் இரண்டாமிடம். டுராண்ட், கைரி இர்விங் இருவரோடு ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனும் சேர்ந்தார். மூவரும் சேர்ந்தால் தோற்கடிக்க ஆளில்லை என்று எழுதினார்கள். அந்த மூவரும் புரூக்ளினில் இருந்த காலம் முழுவதிலும், பிளேஆஃபையும் சேர்த்து, ஒன்றாக ஆடியது 16 ஆட்டம் மட்டுமே. பயிற்சியாளர் என்ன திட்டம் தீட்டினாலும் ஆள் களத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

2021 பிளேஆஃபில் மில்வாக்கிக்கு எதிராக முதல் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே ஹார்டனுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. நான்காம் ஆட்டத்தில் இர்விங்குக்குக் கணுக்கால் சுளுக்கியது. ஆனாலும் தொடர் ஏழாம் ஆட்டம்வரை போனது. அதன் கடைசி வினாடியில் டுராண்ட் எறிந்த பந்து உள்ளே விழுந்தது. கால் விரல் மூன்று புள்ளிக் கோட்டைத் தொட்டிருந்ததால் அது இரண்டு புள்ளி ஆனது. ஆட்டம் 109-109 என்று சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போய், 115-111 என்று மில்வாக்கி வென்றது. பிறகு அவர்களே பட்டமும் வென்றார்கள். டுராண்டின் காலணி ஓர் அளவு சிறிதாக இருந்திருந்தால் நாஷைப் பற்றி இன்று உங்கள் மாமா வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்பார். பயிற்சியாளரின் பெயரும் புகழும் இப்படிப்பட்ட நூலிழையில் தொங்குகின்றன.

இரண்டாம் பருவம் சிதைந்தது. நியூயார்க் நகரத் தடுப்பூசி விதியை இர்விங் ஏற்காததால் சொந்த மைதானத்தில் ஆட முடியவில்லை. ஜனவரிவரை அணி அவரை முழுவதும் ஒதுக்கியே வைத்திருந்தது. பதினொரு ஆட்டம் தொடர்ந்து தோற்றார்கள். பிப்ரவரியில் ஹார்டன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். பதிலாக வந்த பென் சிம்மன்ஸ் அந்தப் பருவம் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 44 வெற்றி, 38 தோல்வி, முதல் சுற்றில் பாஸ்டனிடம் நான்கும் தோல்வி. கோடையில் டுராண்ட் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னார். நாஷையும் மார்க்ஸையும் நீக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகவும் செய்தி வந்தது. அடுத்த பருவத்தில் ஏழு ஆட்டத்தில் இரண்டு மட்டுமே வென்றிருந்தபோது, 2022 நவம்பர் 1 அன்று, நாஷும் அணியும் பிரிந்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஜாக் வான்.

அவரிடம் குறையே இல்லையா? இருந்தது. பாஸ்டன் தொடரில் டுராண்டை இரண்டு மூன்று பேர் சூழ்ந்து நெருக்கியபோது, அதை உடைக்கும் விதத்தில் ஆட்டத்தை மாற்றியமைக்க அவரால் முடியவில்லை. தாக்குதல் பெரும்பாலும் ஒருவர் பந்தை வைத்துக்கொள்ள, மற்றவர்கள் நின்று பார்க்கும் ஆட்டமாகவே இருந்தது. இதுதான் எனக்கு வலிக்கிற இடம். பந்து யார் கையிலும் தங்கக் கூடாது என்று ஆடிக் காட்டியவரின் அணியில் பந்து தங்கியது. ஏன்? ஆட்டக்காரராக இருந்தபோது நாஷ் யாரிடமும் பந்தைக் கொடு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானே கொடுத்தார். ஒருவன் சோர்ந்திருந்தால் அடுத்த இரண்டு பந்தை அவனுக்கு அனுப்பி எழுப்பிவிடுவார். கோபத்தில் இருந்தால் அவனுக்கு எளிதான ஒரு கூடையை அமைத்துக் கொடுப்பார். தலைமைப் பண்பு முழுவதும் அந்தப் பந்தின் வழியாகவே ஓடியது. கோட்டுக்கு வெளியே நிற்கும்போது பந்து கையில் இல்லை. அப்போது வார்த்தை வேண்டும், கண்டிப்பு வேண்டும், பெரிய ஆட்டக்காரனைப் பெஞ்சில் உட்கார வைக்கும் துணிவு வேண்டும். அது தனித் தொழில். சின்ன இடத்தில், பிழை செய்தாலும் செய்தியாகாத இடத்தில்தான் அதைக் கற்க முடியும். நாஷ் கற்க வேண்டிய பாடத்தை உலகமே பார்க்கும் மேடையில் கற்றார்.

மாமாவிடம் இரண்டு பெயரைச் சொல்லுங்கள். ஸ்டீவ் கெர், ஐந்து முறை பட்டம் வென்ற அணிகளில் ஆடியவர். முன் அனுபவமே இல்லாமல் 2014இல் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஆனார், முதல் பருவத்திலேயே பட்டம் வென்றார். அவருக்குக் கிடைத்தது பந்தைப் பகிர விரும்பும் இளம் அணி. இன்னொருவர் ஜேசன் கிட், ஒருகாலத்தில் நாஷைப் பெஞ்சில் உட்கார வைத்த அதே கிட். 2013இல் ஓய்வு பெற்ற சில நாள்களிலேயே அதே நெட்ஸுக்குப் பயிற்சியாளர் ஆனார். ஒரு பருவம். பிறகு மில்வாக்கி, அங்கே பருவத்தின் நடுவில் நீக்கப்பட்டார். பிறகு லேக்கர்ஸில் உதவியாளராக இறங்கி வேலை செய்தார், 2020இல் அந்த அணி பட்டம் வென்றது. அதன் பின் டல்லாஸ், 2024இல் இறுதிப் போட்டி. மூன்றாவது வாய்ப்பில்தான் கிட் பயிற்சியாளராக மதிக்கப்பட்டார். நாஷ் ஒரே வாய்ப்போடு நின்றுவிட்டார். இப்போது தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்குகிறார், லெப்ரான் ஜேம்ஸோடு உட்கார்ந்து நுட்பங்களைப் பேசுகிறார். அந்தப் பேச்சைக் கேளுங்கள். ஆட்டத்தை அவர் எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறார் என்பது புரியும். அறிவில் குறை இல்லாத ஒருவரைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டத்தை நிறுத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சாட்ஸ்வொர்த்திலும் நம் டர்பனிலுள்ள ஃபீனிக்ஸிலும் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, வாரத்தில் ஒரு மாலை அவர்களை நீங்கள் நடத்துங்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பந்தைத் தொடக் கூடாது. செய்து காட்டாமல், சொல்லியே புரிய வைக்க வேண்டும். பந்தைக் கொடுக்க மறுக்கும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனை என்ன செய்வது என்று அங்கே கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆட்டங்களை இணையத்தில் தேடிப் பார்க்கவும் சொல்கிறேன். ஒன்று, 2005 பிளேஆஃபில் ஃபீனிக்ஸுக்கும் டல்லாஸுக்கும் நடந்த ஆறாம் ஆட்டம். தன்னை விட்டுக்கொடுத்த பழைய அணிக்கு எதிராக நாஷ் 39 புள்ளி, 12 அசிஸ்ட் எடுத்தார்; கடைசி வினாடிகளில் மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார்; கூடுதல் நேரத்தில் 130-126 என்று ஃபீனிக்ஸ் வென்றது. அதில் பந்தைப் பார்க்காதீர்கள், நாஷின் கண்களைப் பாருங்கள். மற்றது, 2021இல் மில்வாக்கியோடு நடந்த ஏழாம் ஆட்டம். அதில் நான்காம் கால்பகுதியிலும் கூடுதல் நேரத்திலும் ஒவ்வொரு இடைநிறுத்தத்துக்கும் பிறகு புரூக்ளின் என்ன ஆடியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் எந்த இடத்தில் மாற்றியிருப்பீர்கள் என்று பக்கத்திலேயே குறித்து, எனக்கு அனுப்புங்கள்.